நந்தனுக்கு எதிரே நிறுத்தப்பட்ட வேதியர்

நந்தனார் படம் என்றதும் பழைய ரசிகர்கள் தண்டபாணி தேசிகரின் குரலைச் சொல்வார்கள். அவர்களுக்கும் மூத்தவர்கள் கே.பி.சுந்தராம்பாளைச் சொல்வார்கள். நந்தனாக யார் நன்றாகப் பாடினார், யார் உருகி நடித்தார் என்று எண்பது ஆண்டுகளாகப் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத பாத்திரம் ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது. நந்தனின் ஆண்டையாக வரும் வேதியர். அவர் எங்கிருந்து வந்தார்?

பெரியபுராணத்தில் அவர் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய கதையில் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறார். ஊர்த்தொழிலுக்காக விடப்பட்ட நிலத்தின் வருவாயில் சாப்பிடுகிறார். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் போக முடியாது. அவரைத் தடுப்பது எந்த ஆண்டையும் அல்ல, சாதிதான். கடைசியில் சிவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். தில்லை அந்தணர்களுக்கும் கனவில் ஆணை வருகிறது. தெற்கு வாயிலின் முன் தீ வளர்க்கிறார்கள். அதில் இறங்கிய நந்தன் பூணூல் அணிந்த முனிவராக எழுந்து வருகிறார். அதாவது, நந்தன் நந்தனாகக் கோயிலுக்குள் நுழையவே இல்லை.

வேதியரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த பிராமணக் கவிஞர். பண்ணையாள் முறை எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் பண்ணையாள் ஆகிறார். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கிறார். பெரியபுராணத்தில் இல்லாததைச் சேர்த்ததற்காக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாற்றுகவி தரத் தயங்கினார் என்பார்கள். ஆனால் அந்தச் சேர்க்கையில்தான் உண்மை இருந்தது. சேரி மனிதனின் கால்களைக் கட்டியிருந்தது கோயில் கதவு மட்டுமல்ல, வயலும்தான் என்பதை அது வெளியே சொல்லிவிட்டது.

சொன்னதோடு நின்றிருந்தால் சரி. அந்தச் சிக்கலைப் பாரதியார் எப்படித் தீர்த்தார் என்று பாருங்கள். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்றால், நாற்பது வேலி 260 ஏக்கர். ஒரே இரவில் தெய்வ அருளால் வேலை முடிந்துவிடுகிறது. விடிந்ததும் வேதியர் அதிசயித்து நந்தனின் காலில் விழுகிறார். அவர் மனம் திருந்திவிட்டது, நிலமும் விளைச்சலும் அவரிடமே இருக்கின்றன. கூலி பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆண்டைக்கு ஒரு மரக்கால் நெல்கூட நட்டமில்லாமல் முடிகிற விடுதலை இது. மேடையில் இதைப் பார்த்துக் கண்ணீர் விடுவதற்கு எந்த மிராசுதாருக்கும் தடை இருந்திருக்காது.

இந்தக் கதையை நம் முன்னோர்கள் அப்படியே விழுங்கிவிடவில்லை. 1907இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நந்தனை அடியாராகவே ஏற்கவில்லை, சூழ்ச்சியால் கொல்லப்பட்ட அரசன் என்று எழுதினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்திலேயே நந்தன் பெயரில் கல்வி நிறுவனம் தொடங்கினார். நந்தன் எரிந்ததாகச் சொல்லப்பட்ட ஊரில் நம் பிள்ளைகள் படிக்க உட்கார்ந்தார்கள்.

சினிமா எடுத்துக்கொண்டது பாரதியாரின் கதையை. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் சுந்தராம்பாள் நந்தனாகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தார்கள். சுந்தராம்பாளுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதுதான் ஊரெல்லாம் பேச்சு. படத்தில் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்தன என்று ஆனந்த விகடன் கிண்டல் செய்தது. 1942இல் ஜெமினி 'நந்தனார்' எடுத்தது. தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். சாமாவின் நடிப்பை இன்றும் பாராட்டுகிறார்கள், தகுதியான பாராட்டுதான். கோபக்காரராக வந்து குழைந்து போகிற வேதியருக்குத்தான் கதையில் மாற்றம் இருக்கிறது. நந்தன் முதல் காட்சியில் எப்படிக் கைகட்டி நின்றாரோ, கடைசி வரை அப்படியே நிற்கிறார்.

காலத்தைக் கவனியுங்கள். முதல் படம் வந்தது பூனா ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டு கழித்து. இரண்டாவது வந்தது 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கனும் மற்றவர்களும் நுழைந்து மூன்றாண்டு கழித்து. உரிமை கேட்டு மக்கள் தெருவுக்கு வந்துவிட்ட காலம் அது. திரையில் நந்தன் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தார். துன்பத்தைத் தாங்கியே வென்றவர் என்று காந்தி நந்தனைப் புகழ்ந்து பேசியதும் இதே வழியில்தான்.

இதற்குச் சினிமாவிலேயே ஒரு பதில் வந்தது. 1949இல் 'நல்ல தம்பி' படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன் நடத்திய கிந்தனார் காலட்சேபம். ஊர்ப் பள்ளியில் ஒதுக்கப்பட்ட சேரிப் பையன் கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்து, பள்ளி இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். நந்தன் கதையின் அதே காலட்சேப வடிவம், ஆனால் தீ இல்லை, கனவு இல்லை, பூணூலும் இல்லை. கிந்தன் கிந்தனாகவே உள்ளே வருகிறான். சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்பட்டதால் பலர் அதை வெறும் நகைச்சுவை என்று ஒதுக்கிவிட்டார்கள். என் கணக்கில் நந்தன் பாத்திரத்துக்குத் தமிழ்த் திரை செய்த ஒரே நியாயம் அதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சோகாமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவர் மதித்தது அவர்களுடைய பக்தியையும் நற்பண்பையும். அதில் வேதியருக்கு இடமில்லை.

வேதியர் இன்னும் நம் படங்களில் வருகிறார், வேறு வேறு பெயர்களில். நல்ல பண்ணையாராக, கடைசிக் காட்சியில் கலங்கும் ஊர்ப் பெரியவராக. அடுத்த முறை அப்படி ஒருவர் திரையில் கண் கலங்கும்போது, அவர் இழந்தது என்ன என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.