காவலரும் நடுகல்லும்

புனே நகரில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு எரவாடாச் சிறைச்சாலை அறிமுகமானதே. 1932-ஆம் ஆண்டில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்ததும், புனே ஒப்பந்தத்துக்கு வழி பிறந்ததும் அந்த மதில்களுக்குள்ளேதான். அதே சிறையில், 2012-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் காலையில், அஜ்மல் கசாப் என்பவன் தூக்கிலிடப்பட்டான். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, கடல் வழியாக மும்பைக்குள் புகுந்து 166 பேரின் உயிரைப் பறித்த கூட்டத்தார் பதின்மர். அவர்களுள் உயிரோடு பிடிபட்டவன் அவன் ஒருவனே.

அத்தண்டனை நிறைவேறுவதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இதே புனே நகரில் ஒரு சிதை மூட்டப்பட்டது. அரசு மரியாதையோடு எரியூட்டப்பட்ட அவ்வுடல், அசோக் காம்தே என்னும் போலீஸ் அதிகாரியின் உடல். கசாபும் அவன் கூட்டாளியும் சுட்ட குண்டுகளால் வீழ்ந்தவர் அவர். கொன்றவனின் கணக்கும் கொல்லப்பட்டவரின் கணக்கும் ஒரே ஊரில் முடிந்தன என்று சொல்லத் தோன்றும். ஆனால், வீரர் ஒருவரின் கணக்கு சிதையோடு முடிந்துவிடுவதில்லை. அவர் எவ்வாறு வீழ்ந்தார் என்பதை உள்ளவாறு அறிந்து வைத்துக்கொள்ளும் கடமை ஒன்று உயிரோடிருப்போருக்கு எஞ்சுகிறது. அக்கடமையைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற எண்ணுகிறேன்.

காம்தே குடும்பம் மராத்திய நாட்டில் போலீஸ் பணிக்குப் பெயர் பெற்ற குடும்பம். அசோக் காம்தேயின் பாட்டனார் நா. ம. காம்தே, நாடு விடுதலை பெற்ற காலத்தில் பம்பாய் மாகாணத்துப் போலீஸ் படையின் முதல் இந்திய இன்ஸ்பெக்டர் ஜெனரலாக அமர்ந்தவர். அதுவரை ஆங்கிலேயர் மட்டுமே வகித்துவந்த பதவி அது. தந்தையார் இராணுவ அதிகாரி. இத்தகைய குடும்பத்தில் 1965-ஆம் ஆண்டில் அசோக் பிறந்தார்.

அவருடைய பள்ளிப் பருவத்தின் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டில் கழிந்தது. கோடைக்கானல் மலைமேல் உள்ள பன்னாட்டுப் பள்ளியில் அவர் பயின்றார். பின்னர் மும்பையில் தூய சவேரியார் கல்லூரியில் பட்டம் பெற்றார். தில்லியில் மேற்படிப்பு முடித்தார். 1989-ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்தியப் போலீஸ் பணியில் சேர்ந்தார். பண்டாரா, சாங்லி, சோலாப்பூர் முதலிய இடங்களில் பணியாற்றினார். போஸ்னியா நாட்டில் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் பணியிலும் ஈடுபட்டார். 2008-ஆம் ஆண்டில் மும்பையின் கிழக்குப் பகுதிக்கு அவர் கூடுதல் போலீஸ் கமிஷனர்.

அந்த இரவின் நிகழ்ச்சிகளை முறையாக நினைவுகூர்வோம். சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலில் போய் இறங்கிய தமிழர் எவரும் சத்திரபதி சிவாஜி இரயில் நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். அன்றிரவும் அங்கே மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் நெடுந்தொலைவு செல்லும் வண்டிகளுக்காக மக்கள் காத்திருந்தனர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், ஊருக்குத் திரும்புகிறவர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள். அக்கூட்டத்தின்மேல் கசாபும் இஸ்மாயில் என்பவனும் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்பு இருவரும் அருகிலிருந்த காமா மருத்துவமனைக்குள் நுழைந்தனர். கூடுதல் கமிஷனர் சதானந்த் தாதே சிலரோடு உள்ளே சென்று அவர்களை எதிர்த்துப் போரிட்டுப் படுகாயம் அடைந்தார்.

அசோக் காம்தேயின் அதிகார எல்லை நகரின் கிழக்கே செம்பூர்ப் பக்கம். தென் மும்பை அவர் பொறுப்பில் இருந்த பகுதியன்று. ஆயினும் அழைப்பு வந்ததும் புறப்பட்டார். மருத்துவமனையின் பின்புறத்தில், பயங்கரவாத எதிர்ப்புப் படையின் தலைவர் ஹேமந்த் கர்கரேயும், இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கரும் அவரோடு சேர்ந்தனர். காயமுற்றிருந்த தாதேக்கு உதவி செய்வதற்காக, முன்வாயிலை நோக்கி ஒரு போலீஸ் வண்டியில் ஏறினர். வண்டியைச் சாலஸ்கர் ஓட்டினார். காம்தே அவர் பக்கத்தில் அமர்ந்தார். கர்கரே பின்னிருக்கையில் இருந்தார். காவலர் நால்வரும் உடன் இருந்தனர். ரங்க பவன் சந்து என்று சொல்லப்படும் குறுகிய தெருவில், மறைவில் நின்ற இருவரும் வண்டியின்மேல் குண்டு மாரி பொழிந்தனர். வண்டியிலிருந்தும் பதிலுக்குச் சுட்டார்கள். எழுவருள் அறுவர் உயிர் துறந்தனர்.

அந்தச் சந்து, சவேரியார் கல்லூரியை ஒட்டிய சந்து. இளைஞராய்ப் படித்துப் பட்டம் பெற்ற கல்லூரியின் பக்கத்திலேயே காம்தேயின் உயிர் பிரிந்தது.

அதிகாரிகள் மூவரின் பெயர்களையும் நாடு அறியும். உடன் மாண்ட ஏனைய மூவர் பாலாசாகேப் போஸ்லே, ஜெயவந்த் பாட்டீல், யோகேஷ் பாட்டீல் என்போர். இப்பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? உயிர் தப்பியவர் அருண் ஜாதவ் என்னும் காவலர். குண்டடிபட்டு, மாண்ட தோழர்களின் உடல்களுக்கு அடியில் அசைவற்றுக் கிடந்தார். கொலைகாரர்கள் அதிகாரிகளின் உடல்களைத் தெருவில் இழுத்துப் போட்டுவிட்டு, அவ்வண்டியிலேயே ஏறிச் சென்றனர். அவர்கள் அதைக் கைவிட்டு வேறு வண்டிக்கு மாறியதும், ஜாதவ் கம்பியில்லாக் கருவியின் மூலம் செய்தி சொன்னார். சிறிது நேரத்தில் கிர்காம் சௌபாத்திக் கடற்கரையில் போலீசார் அவ்விருவரையும் மறித்தனர். அங்கே துக்காராம் ஓம்ப்ளே என்னும் உதவிச் சப்-இன்ஸ்பெக்டர், கசாபின் துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தம் உடலில் ஏற்று மாண்டார். அவர் பிடி தளராமையால்தான் கசாப் உயிரோடு அகப்பட்டான்; சூழ்ச்சி முழுவதும் வெளிப்பட்டது.

2009-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று கர்கரே, காம்தே, சாலஸ்கர், ஓம்ப்ளே ஆகியோருக்கு, அமைதிக் காலத்து வீரத்திற்குரிய தலையாய விருதாகிய அசோகச் சக்கரம் அளிக்கப்பட்டது. மாலைகள் விழுந்தன, புகழுரைகள் பெருகின. பெரும்பாலும் இவ்விடத்தில் கதை முடிந்துவிடும். ஆனால், காம்தேயின் மனைவியார் வினிதா காம்தே புகழுரைகளோடு அமையவில்லை. அவர் எளிய வினா ஒன்றைக் கேட்டார்: என் கணவர் எவ்வாறு இறந்தார்?

டிரைடென்ட் ஓட்டலுக்கு வருமாறு பணிக்கப்பட்டவர் காமா மருத்துவமனைக்குச் சென்றது எதனால்? துணைப் படை கேட்டும் வந்து சேராதது ஏன்? சந்தில் வீழ்ந்தவர்கள் நெடுநேரம் கேட்பாரற்றுக் கிடந்தார்களா? கசாபின் கையில் காயம் உண்டாக்கியது யாருடைய குண்டு? இவற்றுக்குத் தெளிவான விடை அவருக்குக் கிட்டவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கட்டுப்பாட்டு அறையில் அன்றிரவு பதிவான உரையாடல் குறிப்புகளைக் கேட்டு மனுச் செய்தார். போராடிப் பெற்ற அந்தக் குறிப்புகளை மணிவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். புனே நகரத்துப் பத்திரிகையாளர் வினிதா தேஷ்முக் துணையோடு, 'கடைசிக் குண்டு வரை' என்னும் பொருள்படும் ஆங்கில நூலொன்றை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார். காம்தே சந்தில் திருப்பிச் சுட்டுக் கசாபைக் காயப்படுத்தினார் என்பதும், உதவி காலத்தில் வந்திருக்கலாம் என்பதும் அந்நூலில் அவர் எடுத்துரைத்த முடிவுகள். அதிகாரிகள் தரப்பிலிருந்து மறுப்புகளும் வந்தன. வழக்காடுவது நம் நோக்கமன்று. கணவரை இழந்த ஒரு பெண், புகழை வேண்டாமல் உண்மையை வேண்டினார் என்பதே நாம் கருதத்தக்கது.

இவ்வேண்டுகோள் தமிழருக்குப் புதியதன்று. காம்தே பயின்ற கோடை மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டத்தில், வைகைப் பள்ளத்தாக்கில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இதுவரை கிடைத்த நடுகல் எழுத்துகளுள் மிகப் பழையனவற்றில் அவையும் அடங்கும். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவனுடைய கல் எனத் தெரிவிக்கிறது. மொத்தம் சில சொற்களே. அடைமொழி இல்லை, புகழ்மாலை இல்லை. பெயர், இடம், காரணம் ஆகிய மூன்றும் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளாக அம்மூன்றும் அழியாமல் நிற்கின்றன.

செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்கள் இதனினும் விரிவாகப் பேசுகின்றன. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தத் தலைவனின் சேவகன், எதன்பொருட்டுப் பட்டான் என்பவற்றை வட்டெழுத்தில் வரிசையாகச் சொல்கின்றன. எடத்தனூரில் உள்ள கல்லொன்று, தலைவன் வீழ்ந்தபின் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் விடாமல் குறித்திருக்கிறது. ஊரைக் காத்த நாயின் பெயரைக்கூட மறவாத மரபில் வந்த நாம், ஊரைக் காத்து மாண்ட கடைநிலைக் காவலரின் பெயரை மறக்கலாமா?

நாம் குடியேறிய மராத்திய நாட்டிலும் இம்மரபு உண்டு. புனே மாவட்டத்துச் சிற்றூர்களில், பழைய கோயில்களின் ஓரத்தில், அடுக்கடுக்காகச் சிற்பம் செதுக்கிய கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மராத்தியர் அவற்றை 'வீரகள்' என்பர். கன்னடத்தார் 'வீரகல்லு' என்பதும், நாம் வீரக்கல் என்பதும் அதன் உறவுச் சொற்களே. கீழ்த்தட்டில் வீரன் போரிட்டு வீழ்கிறான். அதன் மேல் தேவமகளிர் அவனைச் சுமந்து செல்கின்றனர். உச்சியில் அவன் இறைவனை வழிபடுகிறான். மேலே உள்ள துறக்கம் எவ்வளவு அழகாயிருப்பினும், எல்லாத் தட்டுகளுக்கும் அடித்தளம் அவன் வீழ்ந்த காட்சியே. அதைச் செதுக்காமல் சிற்பி மேலே ஏறுவதில்லை.

வினிதா காம்தே கேட்டதும் அந்த அடித்தட்டைத்தான். அது வெறும் மனநிறைவுக்காக அன்று. ஒருவர் எவ்வாறு மாண்டார் என்று அறிந்தால்தான் அடுத்தவர் மாளாமல் காக்க இயலும். மகாராஷ்டிர அரசு அமர்த்திய ராம் பிரதான் குழு 2009-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. வகுத்து வைத்த முறைகள் அன்றிரவு பின்பற்றப்படாமையையும், போலீசாருக்குத் துப்பாக்கிப் பயிற்சி போதாமையையும் அது எடுத்துக்காட்டியது. 2008 டிசம்பரில் தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் இயற்றப்பட்டது. 2009-இல் மும்பை, சென்னை உள்ளிட்ட நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் கிளைகள் நிறுவப்பட்டன. 2010-இல் மகாராஷ்டிரத்தில் தனி அதிரடிப் படை ஒன்று பணிக்கு வந்தது. இவையாவும் அந்த இரவின் குறைகளை ஒப்புக்கொண்டதால் விளைந்தவை. குறையை மறைத்து வீரனைப் புகழ்ந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் விளைந்திராது.

ஆண்டுதோறும் அக்டோபர் 21-ஆம் நாளைப் போலீஸ் நினைவு நாளாக நாடு கடைப்பிடிக்கிறது. 1959-ஆம் ஆண்டில் அந்நாளில், லடாக்கின் வெந்நீரூற்றுப் பகுதியில் சீனப் படையின் தாக்குதலால் இந்தியப் போலீசார் பதின்மர் மாண்டனர். அவ்வெல்லையை அன்று போலீசார் காத்து நின்றனர். 2018-ஆம் ஆண்டு அதே நாளில் தில்லி சாணக்கியபுரியில் தேசியப் போலீஸ் நினைவகம் திறக்கப்பட்டது. அதன் நடுவே 30 அடி உயரத்தில் நிற்பது கருங்கல் ஒன்று. சுற்றியுள்ள சுவரில் விடுதலைக்குப் பின் மாண்ட 34,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதுவும் ஒரு நடுகல்லே. ஆயினும், சுவரில் பெயரைப் பொறிக்கலாமேயன்றி, ஒவ்வொருவரும் எங்கே, எதன்பொருட்டு வீழ்ந்தார் என்பதைப் பொறிக்க இடமில்லை. அதை மக்கள் தம் நெஞ்சில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழன்பர்களே, அயல் மாநிலத்தில் நம் வாசலைக் காப்பவர் நம் மொழி பேசாதவர். நம் பெயரையும் அவர் அறியார். இரயில் நிலையத்தில் காத்திருந்தவர்களின் மொழியைக் கேட்டுக்கொண்டா அசோக் காம்தே செம்பூரிலிருந்து புறப்பட்டார்? அவ்வாறிருக்க, அவருடைய வரலாற்றை மராத்தியருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிடுவது முறையாகாது.

அடுத்த முறை மும்பைக்குச் செல்கையில், சவேரியார் கல்லூரியை ஒட்டிய அந்தச் சந்தின் முனையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உடன் வரும் பிள்ளைகள் ஏனென்று கேட்பார்கள். வீரர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த இரவு, யாருக்கு உதவப் போகும் வழியில், யார் யார் மாண்டனர் என்று ஆறு பெயர்களையும் சொல்லுங்கள். நம் முன்னோர் கல்லில் எழுதியதும் அவ்வளவுதான்.