கண்ணுக்குள் ஓர் ஊசி – 6: மயாமியில் ஒரு வாரம்

விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கசியவைக்கும் விஇஜிஎஃப் புரதத்தை நெப்போலியோன் ஃபெராரா 1989-லேயே பிரித்தெடுத்துவிட்டார். அதை மடக்கும் எதிர்ப்பொருளும் தயார். பிறகு ஏன் ஜெனென்டெக் நிறுவனம் அதை அப்படியே கண்ணுக்குள் செலுத்தவில்லை? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

காரணம், 1999-ல் வெளியான ஒரு குரங்கு ஆய்வு. முழு எதிர்ப்பொருள் விழித்திரையின் மேல் அடுக்கிலேயே நின்றுவிட்டது. சிறு துண்டு மட்டும் அடிவரை ஊடுருவியது. முழு மூலக்கூறு 'அவாஸ்டின்' என்ற பெயரில் புற்றுநோய்க்குப் போனது. 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதியும் பெற்றது. கண்ணுக்கென்று துண்டு வடிவில் 'லூசென்டிஸ்' உருவானது. இத்தனைக்கும் குரங்கின் கண்ணில் போட்டுப் பார்த்த முழு எதிர்ப்பொருள் அவாஸ்டினே அல்ல, மார்பகப் புற்றுநோய்க்கான வேறொரு மருந்து!

2005. லூசென்டிஸ் இன்னும் பரிசோதனையில்தான் இருந்தது. மயாமியின் பாஸ்கம் பால்மர் கண் மருத்துவ மையத்தில் அந்தப் பரிசோதனையில் பங்கேற்றவர் டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட். பரிசோதனையில் இடம் கிடைக்காத முதிய விழித்திரை நோயாளிகள் என்ன செய்வார்கள்? அனுமதி வரும்வரை நோய் காத்திருக்காது. போன மையப் பார்வை பெரும்பாலும் திரும்பாது. அவாஸ்டினோ அனுமதி பெற்று, வாங்கக் கிடைக்கிறது.

முதலில் அதைக் கை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார். விழித்திரை வீக்கம் வடிந்தது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறியது. முதியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வந்துவிட்டால்? 70 கிலோ எடையுள்ளவருக்கு 350 மில்லிகிராம் உடல் முழுக்க ஓடுகிறது. கண்ணுக்குள்ளேயே போட்டால் ஒரே ஒரு மில்லிகிராம் போதும்.

அப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கு இருந்தது விழித்திரையின் மையச் சிரை அடைப்பு. விழித்திரையிலிருந்து ரத்தம் வெளியேறும் பிரதான வழி அடைபட்டால், ரத்தம் பின்தேங்கி விழித்திரையெங்கும் திட்டுத்திட்டாகக் கசியும். பிராணவாயு கிடைக்காத திசுக்கள் விஇஜிஎஃப்-ஐச் சுரந்து தள்ளும். குழாய்கள் இன்னும் கசியும். கூர்மையாகப் பார்க்க உதவும் மேக்குலா நீர்கோத்து வீங்கும். ஸ்டீராய்டு ஊசி அவருக்குச் சரியாகப் பலன் தரவில்லை. நல்ல கண் 200 அடியில் படிக்கும் எழுத்தை 20 அடியில்தான் அவரால் படிக்க முடிந்தது.

கண்ணுக்குள் ஊசி என்றாலே யாருக்கும் குலை நடுங்கும். செய்முறை சில நிமிடங்கள்தான். சொட்டு மருந்தில் கண் மரத்துப்போகும். அயோடின் கரைசலால் கிருமி நீக்குவார்கள். இமைகளை ஒரு கம்பிக் கவ்வி விலக்கிப் பிடித்திருக்கும். கருவிழி விளிம்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசி இறங்கும். லென்ஸிலும் படாமல், விழித்திரையையும் கிழிக்காமல் உள்ளே போக அந்த இடம்தான் வாகானது. ஒரு துளிக்கும் குறைவான மருந்து. அவ்வளவுதான்.

ஒரே வாரம். ஓசிடி ஸ்கேனில் நீர்க்கட்டிகளைக் காணோம். 200 அடி எழுத்து என்ற கணக்கு 50 அடி எழுத்து என்றானது. கண்ணுக்கென்று தயாரிக்கப்படாத மருந்தை, அந்த மனிதர்களின் பார்வைக்காக, எல்லாப் பழியையும் தாங்கத் தயாராகப் போட்ட கை அது. அந்தத் துணிச்சலை நான் மனதார வணங்குகிறேன்.

அந்த ஜூலையில் மாண்ட்ரியலில் விழித்திரை மருத்துவர்கள் கூடினார்கள். லூசென்டிஸின் அபார முடிவுகள் வெளியான அதே கூட்டத்தில், ரோசன்ஃபெல்ட் தம் அவாஸ்டின் ஸ்கேன் படத்தைக் காட்டினார். ஊர் திரும்பிய மருத்துவர்கள் தாங்களும் போடத் தொடங்கினார்கள். சில மாதங்களில் உலகெங்கும் பரவியது.

2006 ஜூன் 30. லூசென்டிஸுக்கு அனுமதி. விலை, ஊசி ஒன்றுக்கு சுமார் 2,000 டாலர். ஒரு அவாஸ்டின் குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரித்தால் ஒன்று சுமார் 50 டாலர்தான். இரண்டையும் தயாரிப்பது ஒரே ஜெனென்டெக்.

2007 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது: சிரிஞ்சுகளாகப் பிரித்துத் தரும் மருந்தகங்களுக்கு இனி அவாஸ்டின் விற்பனை இல்லை!

(தொடரும்)