“பஞ்சு தூசிதான்”னு இருமலை விட்டுடாதீங்க... நுரையீரலுக்குள்ளேயே போய்ப் பார்க்கும் ஹெச்.டி கேமரா!

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நிறைய வீடுகள்ல யாராவது ஒருத்தர் நூற்பாலைக்கு வேலைக்குப் போவாங்க. அவங்க இருமினா, “பஞ்சு தூசி, அப்படித்தான் இருக்கும்”னு விட்டுடுவோம். ஆனா, அதே இருமலுக்குப் பின்னால காசநோயோ, கட்டியோ இருக்கலாம். 2 வாரத்துக்கு மேல இருமல் நீடிச்சா சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் அவசியம். அரசு மருத்துவமனைகள்ல சளிப் பரிசோதனை இலவசம். அதுலயும் விடை கிடைக்கலைன்னா, சளியில ரத்தம் வந்தா, டாக்டர் பரிந்துரைப்பது பிராங்கோஸ்கோப்பி.

அது என்ன?

மூக்கு அல்லது வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள் போகும், வளையக்கூடிய மெல்லிய குழாய். 1897-ல் ஜெர்மனி டாக்டர் குஸ்தாவ் கிலியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்பை நேரான உலோகக் குழாய் மூலம் எடுத்தார். வளையும் குழாயை 1966-ல் உருவாக்கியவர் ஜப்பான் டாக்டர் ஷிகேடோ இகேடா. இப்போ குழாயின் நுனியிலேயே கேமரா சிப் இருக்கு. பழைய ஃபைபர் குழாய்ல படம் புள்ளி புள்ளியா தெரியும். ஹெச்.டி-யில உட்சுவரின் நுண்ணிய ரத்தநாளங்கள்கூட பெரிய திரையில் தெளிவா தெரியும்.

எதுக்கெல்லாம் உதவும்?

* காசநோய்: சளியே வராதவங்களுக்கு, உப்பு நீரைச் செலுத்தி உறிஞ்சி எடுத்துப் பரிசோதிக்கலாம்.
* புற்றுநோய்: சந்தேகமான இடத்துல இருந்து சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்யலாம்.
* சிக்கிய பொருள்கள்: பிரியாணி எலும்போ, புளியங்கொட்டையோ புரையேறி உள்ளே போயிருந்தா எடுக்கலாம். வலதுபக்கக் குழாய் அகலமா, நேரா இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. குழந்தைகளுக்குப் பொதுவா மயக்க மருந்து கொடுத்து, நேரான குழாய் மூலம் எடுப்பாங்க.

ஆனா, இது எல்லா இருமலுக்கும் தேவைப்படாது. ஆஸ்துமா, பஞ்சு தூசியால வர்ற மூச்சிறுக்கம் இதுக்கெல்லாம் மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனைதான் முக்கியம்.

வலிக்குமா?

தொண்டையை மரத்துப்போக வைக்கும் ஸ்பிரே அடிச்சு, தூக்கம் வர்ற மருந்தும் கொடுப்பாங்க. இருமல் வரும், கொஞ்சம் அசௌகரியமா இருக்கும். மூச்சு விட முடியும். ஆக்சிஜன் அளவைக் கண்காணிச்சுக்கிட்டே இருப்பாங்க. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிஞ்சிடும்.

போறதுக்கு முன்னாடி...

சுமார் 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தா, டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் கூட இருக்கட்டும். அன்னைக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

முடிஞ்ச பிறகு...

தொண்டை மரத்துப்போனது சரியாகும் வரை, சுமார் 2 மணி நேரம், தண்ணிகூட குடிக்காதீங்க. லேசான காய்ச்சலோ, சளியில கொஞ்சம் ரத்தக்கீற்றோ வரலாம். ரத்தம் அதிகமா வந்தா, நெஞ்சு வலிச்சா, மூச்சு திணறினா உடனே மருத்துவமனைக்குப் போயிடுங்க.

இன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற அம்மாகிட்டயோ, அண்ணன்கிட்டயோ ஒரு கேள்வி கேளுங்க: “இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?”