அருங்காட்சியகத்தில் ஒரு பயிலறை: விக்டர் டமிகோவும் கற்போர் நலனும்

அருங்காட்சியகத்துக்கு வருவோரின் உடலையும் மனத்தையும் பற்றிய அக்கறை, அந்நிறுவனம் தோன்றி நெடுங்காலம் கழிந்த பின்னரே அதை நடத்துவோரிடம் எழுந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பதைப் பார்க்க ஒருவர் குனிந்தும் வளைந்தும் படும் பாட்டை ஒளிப்படங்களாக எடுத்து, அதனால் வரும் அயர்ச்சியை 1916இல் 'அருங்காட்சியகக் களைப்பு' என்று பெயரிட்டு விளக்கினார். அவர் தேடிய தீர்வு பேழைகளின் அமைப்பைத் திருத்துவதாகவே இருந்தது. வருபவர் தம் கையால் எதையேனும் படைக்கலாம் என்ற எண்ணம் அதில் இடம்பெறவில்லை.

அந்த எண்ணத்துக்கு நிலையான வடிவம் தந்தவர், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 1937 முதல் 1969 வரை கல்விப் பணியை நடத்திய விக்டர் டமிகோ. 1942இல் அவர் தொடங்கிய 'குழந்தைகள் கலைத் திருவிழா'வின் வாயில், சிறு குழந்தை ஒன்றின் உருவமும் வளர்ந்த சிறுவன் ஒருவனின் உருவமும் வெட்டப்பட்ட திறப்பாக இருந்தது. பிள்ளைகள் தம் அளவுக்கேற்ற திறப்பின் வழியே உள்ளே நுழைய, பெற்றோர் வெளியே நின்றனர். முதற்கூடத்தில் விளையாட்டுப் பொருள்கள் ஆர்வத்தைக் கிளற, அடுத்த கூடத்தில் குழந்தையின் உயரத்துக்கே அமைந்த ஓவியத் தாங்கிகளும் ஒட்டுப்படப் பொருள்களும் காத்திருந்தன. அச்சிட்ட கோட்டுருவுக்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்களையும் போட்டிகளையும் டமிகோ விடாது எதிர்த்தார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், பெற்றோரை வெளியே நிறுத்திய அந்த வாயிலின் பொருள் விளங்கும்: குழந்தையின் படைப்பைப் பிறர் எடைபோடாத ஓர் இடத்தை அவர் உண்டாக்க விரும்பினார்.

இதே அணுகுமுறையை அவர் போர்க்களத்திலிருந்து திரும்பியோரிடமும் கையாண்டார். 1944 முதல் 1948 வரை இயங்கிய போர்வீரர் கலை மையத்தில் ஓவியம், மட்பாண்டம், அணிகலன் செய்தல் முதலியன கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், 'கலைச் சிகிச்சை' என்னும் சொல்லை 1942இல் உருவாக்கியிருந்தார். நோயாளியின் மனநிலையைப் படைப்பின் வழியே தேற்றும் முறையை அச்சொல் குறித்தது. டமிகோவின் மையமோ வந்தவரை நோயாளியாகக் கருதாமல் மாணவராகவே நடத்தியது. இந்த வேறுபாடு சிறிதன்று. அருங்காட்சியகம் மருத்துவமனைக்கு மாற்றாகாமலேயே ஒருவரின் மனச்சுமையைக் குறைக்கக்கூடிய வழி இதில்தான் இருக்கிறது.

அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் மருத்துவத் துறையே இப்பக்கம் திரும்பியது. 2018இல் மான்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகம், மருத்துவர்கள் அருங்காட்சியக வருகையைப் பரிந்துரைச் சீட்டில் எழுதித்தரும் முறையைத் தொடங்க, மறு ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. எனினும் இம்முயற்சிகளில் கலை மருந்தாகவே பார்க்கப்படுகிறது. கற்பவர் பின்னுக்குப் போய்விடுகிறார்.

டமிகோவின் கலைத் திருவிழா 1960களில் இந்தியாவுக்கும் வந்து, டெல்லியில் குழந்தைகளுக்கான நிறுவனமாகிய பால பவனில் அமைந்தது. நம் அருங்காட்சியகங்களில் மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்துவோர், முதல் பரிசு யாருக்கு என்று முடிவுசெய்வதற்கு முன், பரிசே இல்லாத ஒரு பயிலறையை ஆண்டு முழுவதும் திறந்துவைக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.