ஆறு தோட்டாவும் ஒரு இரும்புக் குதிரையும்

சின்ன வயசுல அப்பாகூட பேங்குக்குப் போனா நான் வேடிக்கை பார்க்கறது வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கற காவலாளியைத்தான். மடியில இரட்டைக்குழல் துப்பாக்கி, இடுப்புல தோட்டா செருகின தோல் பெல்ட். "தோட்டாவை ஏன் இடுப்புல வெச்சிருக்கார்? துப்பாக்கியிலயே மாட்டி வெச்சா டக்குனு எடுக்கலாமே?"ன்னு கேட்டேன். "வாயை மூடிட்டு வா"ன்னார் அப்பா.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. (முதல்லயே சொல்லிடறேன், நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆர்வமெல்லாம் உள்ளே இருக்கற மெக்கானிசத்துல மட்டும்தான் :))

துப்பாக்கியிலயே தோட்டாவை மாட்டற பட்டை ஒண்ணு நிஜமாவே இருக்கு. பேரு சைடு சாடில், குதிரைச் சேணம் மாதிரி. ஷாட்கன்னோட பக்கவாட்டுல திருகி மாட்டினா ஆறு தோட்டா நிக்கும். இரட்டைக்குழலுக்கு இது பிரச்சனையே இல்லை. அதுல தானா அசையற பாகம் எதுவும் கிடையாது, மடக்கித் திறந்து கையாலதான் போடணும். வில்லங்கம் செமி ஆட்டோமேட்டிக்லதான்.

அதோட கதை ஜான் பிரவுனிங்ல ஆரம்பிக்குது. தானா தோட்டா மாத்திக்கற ஷாட்கன்னுக்கு 1900-ல் காப்புரிமை வாங்கினார். வின்செஸ்டர் கம்பெனி, விக்கற ஒவ்வொண்ணுக்கும் பங்கு தர முடியாதுன்னுடுச்சு. சரி, ரெமிங்டனுக்குப் போவோம்னு போனார். அங்கே தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்கக் காத்திருக்கும்போதே, அவர் மாரடைப்பில் இறந்துட்டார்னு சேதி வருது. 1902 ஜனவரி 8. மனுஷன் மனசு விடாம கப்பல் ஏறி பெல்ஜியத்துல எஃப்.என். கம்பெனிக்குப் போனார். அங்கே பிறந்ததுதான் ஆட்டோ-5. 1998 வரைக்கும் தயாரிச்சாங்க!

ஆட்டோ-5-ல் சுட்டதும் குழலே போல்ட்டோட சேர்ந்து பின்னால ஓடும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, முன்கட்டைக்குள்ளே ஒரு உராய்வு வளையம். கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசான தோட்டாவுக்கு வேற மாதிரி மாத்திப் போடணும். அதாவது உதையோட அளவும் மெஷினும் ஒத்துப்போகணும்னு முதல் நாளே பிரவுனிங்குக்குத் தெரிஞ்சிருக்கு.

அடுத்து இத்தாலி. நம்ம ஊர் ரோட்டுலயும் ஓடுதே பெனெல்லி பைக், அந்தக் குடும்பம் 1967-ல் உர்பினோவுல துப்பாக்கிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. அவங்களுக்குக் கிடைச்சது புரூனோ சிவோலானின்னு ஒருத்தரோட யோசனை. அதுல குழல் ஓடாது. எல்லாமே நிலைமம்தான்.

டவுன் பஸ்ஸை வெச்சுப் பாருங்க. நின்னுட்டு வர்றீங்க. டிரைவர் சடார்னு பஸ்ஸை எடுக்கறார். பஸ் முன்னால போகுது, நீங்க இருந்த இடத்துலயே இருக்கப் பார்க்கறீங்க, பின்னால சாயறீங்க. இதுலயும் அதேதான், திசை மட்டும் எதிர். சுட்டதும் துப்பாக்கி பின்னால உதைக்குது. உள்ளே இருக்கற போல்ட்டோட கனமான பாகம் அப்படியே நிக்குது. நடுவுல ஒரு குட்டையான முரட்டு ஸ்பிரிங் நசுங்குது. அது விரியறப்போ போல்ட் பின்னால தெறிச்சு, பழைய கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏத்துது.

இப்போ பஸ்ஸுல நூறு மூட்டை ஏத்திடுங்க. அதே எஞ்சின். வண்டி மெதுவா நகரும், நீங்க சாயவே மாட்டீங்க. புரியுதா எங்கே வர்றேன்னு?

12 போர் தோட்டா ஒண்ணு சுமார் 45 கிராம். ஆறு போட்டா 270. பட்டையையும் சேர்த்து 400 கிராம்னு வெச்சுக்கலாம். துப்பாக்கி 3.2 கிலோன்னா இப்போ 3.6. அதே உதைக்கு, பின்னால போற வேகம் ஒன்பதுல ஒரு பங்கு குறையும். ஸ்பிரிங்குக்குக் கிடைக்கற ஆற்றல் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால அஞ்சுல ஒரு பங்கு காலி! (தோள் தாங்காம துப்பாக்கியைச் சும்மா விட்டா வர்ற கணக்கு. பேப்பர்ல நானே போட்டது.) காரமான தோட்டான்னா தாக்குப் பிடிக்கும். லேசான தோட்டான்னா போல்ட் பாதியிலயே நின்னு பழைய கூடு மாட்டிக்கும். இன்னொரு வேடிக்கை, சுடச்சுட பட்டை காலியாகி எடை குறையும். அதாவது, முழுசா நிரம்பியிருக்கற முதல் குண்டுக்குத்தான் ஆபத்து அதிகம்.

1963-ல் வந்த ரெமிங்டன் 1100 மாதிரி வாயுவால ஓடற துப்பாக்கிக்கு இந்த எடைத் தொல்லை அவ்வளவா இல்லை. ஆனா அங்கேயும் ஒரு குழி இருக்கு. பட்டையோட திருகை ரொம்ப இறுக்கினா ரிசீவரோட சுவர் உள்ளே அமுங்கி, போல்ட் உரசும். நிலைமத்தால பேர் வாங்கின பெனெல்லியே, 1999-ல் அமெரிக்க மரைன் படைக்குத் தேர்வான எம்4-ஐ வாயுவால ஓடற மாதிரிதான் செஞ்சாங்க. விளக்கு, குறிநோக்கின்னு எதையாவது மாட்டத்தானே போறாங்க சிப்பாய்ங்க!

எனக்குத் தைக்கற விஷயம் இதுதான். அந்தப் பட்டையை மாட்டறவன் எதுக்கு மாட்டறான்? ஆபத்து நேரத்துல தோட்டா தீர்ந்துடுமோங்கற பயத்துல. அந்த பயமே, கையில இருக்கறதையும் சுட விடாம பண்ணிடலாம். நிலைமத் துப்பாக்கியில தொங்கவிட்டது எதுவும் மூட்டை இல்லை, மெஷினோட இன்னொரு பாகம்.

பேங்க் காவலாளியோட பழைய இரட்டைக்குழலுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. இருந்தாலும் தோட்டாவை இடுப்புலதான் வெச்சிருந்தார். சரியான இடம் அதுதான்.

அப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பேன். "வாயை மூடிட்டு வா"ன்னுதான் சொல்லியிருப்பார்.