படுக்கைப்புண்ணும் ஐந்து கேள்விகளும்

இடுப்பெலும்பு முறிந்த முதியவர் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். எலும்பு மெல்லக் கூடுகிறது. ஆனால் படுத்தே கிடந்ததால் முதுகின் கீழே வந்த புண் அவர் உயிரைக் குடித்துவிடுகிறது. ஒரு காலத்தில் இது மருத்துவமனைகளில் சாதாரணமாக நடந்த ஒன்று. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். அதை முன்கூட்டியே கணித்துத் தடுக்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு செவிலியர். அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோரீன் நார்ட்டன் (1922-2007).

விதியா? குற்றமா?

19ஆம் நூற்றாண்டில் படுக்கைப்புண் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, மூளையோ தண்டுவடமோ கெட்டுப்போவதால்தான் இந்தப் புண் வருகிறது என்றார். அப்படியானால் செவிலியர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய நூலில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: பெரும்பாலும் குறை நோயில் இல்லை, பராமரிப்பில்தான் இருக்கிறது. அப்படியானால் புண் வந்தாலே பழி செவிலியர் தலையில்! ஒன்று கையை விரித்தது, மற்றொன்று விரலை நீட்டியது. எந்த நோயாளிக்கு வரும், எப்படித் தடுப்பது என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

படுக்கையே நோயானபோது

இங்கிலாந்தில் ஆதரவற்ற முதியவர்கள் ஏழைகள் விடுதிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 1935இல் லண்டனுக்கு மேற்கே உள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் மார்ஜரி வாரன் அப்படிப்பட்ட 714 பேரின் பொறுப்பை ஏற்றார். அவர்களில் பலர் படுத்தே இருக்க வேண்டியவர்கள் அல்ல என்பதைக் கண்டார். எழுப்பி உட்கார வைத்து, நடக்கப் பழக்கியபோது பலர் தேறினார்கள். பலரை முடக்கியது முதுமை மட்டுமல்ல, அந்தப் படுக்கையும்தான் என்பது அப்போது புரிந்தது.

நார்ட்டனின் கணக்கு

1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பிறகும் முதியோர் வார்டுகளில் பழைய வழக்கங்களே தொடர்ந்தன. படுக்கைப்புண் வராமல் இருக்க முதுகில் சோப்பு, ஸ்பிரிட், எண்ணெய், களிம்பு என்று வார்டுக்கு ஒன்றாகத் தேய்த்தார்கள். எது பலன் தருகிறது என்று யாரும் முறையாக அளந்து பார்க்கவில்லை.

நார்ட்டன், சக செவிலியர் மெக்லாரன், முதியோர் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித் ஆகிய மூவரும் அதை அளந்தார்கள். அவர்களது ஆய்வு 1962இல் வெளியானது. அவர்கள் கவனித்த 250 முதியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் புண் வந்திருந்தது. நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எளிய மதிப்பெண் முறையையும் வகுத்தார்கள். அதில் ஐந்து கேள்விகள்:

1. உடல்நிலை எப்படி?
2. மனத்தெளிவு எப்படி?
3. எழுந்து நடமாடுகிறாரா?
4. படுக்கையில் தானாக அசைகிறாரா?
5. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் உள்ளதா?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நோயாளியின் அருகிலேயே இருக்கும் செவிலியரின் கண்ணும் காதும் போதும்.

எதைத் தேய்ப்பது என்பதைவிட ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தை நீக்குவதே முக்கியம் என்று ஆய்வு காட்டியது. அசைய முடியாதவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எலும்பு துருத்திய இடங்களை அழுத்தித் தேய்ப்பது கூடாது என்றே இன்றைய வழிகாட்டிகள் சொல்கின்றன.

அதற்குப் பிறகு

நார்ட்டனின் அளவுகோலில் குறைகளும் உண்டு. நோயாளி சாப்பிடுகிறாரா என்பதை அது தனியாகக் கேட்பதில்லை. 1987இல் அமெரிக்கச் செவிலியர்கள் பிரேடன், பெர்க்ஸ்ட்ராம் ஆகியோர் வெளியிட்ட அளவுகோல் உணவையும், தோலின் ஈரத்தையும், உராய்வையும் சேர்த்துக்கொண்டது. மதிப்பெண் போட்டு அட்டையை மாட்டிவிட்டால் மட்டும் புண் நின்றுவிடாது என்பதும் உண்மை. திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். இரவுப் பணியில் ஒருவரே பல நோயாளிகளைப் பார்க்கும் வார்டில் எந்த அளவுகோலும் காகிதம்தான்.

ஆனாலும் 1962இல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. "வயசாயிடுச்சு, என்ன செய்யறது?" என்ற பெருமூச்சு இருந்த இடத்தில் "இவருக்கு இன்று எத்தனை மதிப்பெண்?" என்ற கேள்வி வந்தது. முதல் வாக்கியத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டாவதைக் கேட்டால் செவிலியர் எழுந்து படுக்கையருகே போயாக வேண்டும்.