செங்காந்தள்: மேலே அழகு, மண்ணுக்குள் நஞ்சு

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் என்று எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அதன் கிழங்கு ஆளைக் கொல்லும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். முதலில் வருவது காந்தள்தான்! முருகனுக்கு உகந்த பூ. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதை உவமை சொன்னார்கள். பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, சில நாட்களில் நெருப்பாய்ச் சிவக்கும் ஆறு இதழ்கள். இலை நுனியே சுருண்டு வேலியைப் பற்றி ஏறும்.

புலவர்கள் மேலே பார்த்தார்கள், வைத்தியர்கள் கீழே தோண்டினார்கள். கலப்பை போன்ற வடிவம் என்பதால் கலப்பைக்கிழங்கு. கண்வலிக்கிழங்கு என்றும் பெயர். செடி முழுவதும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. அது உடலில் செல்கள் பிரிவதையே நிறுத்திவிடும். வேறு கிழங்கென்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. முதலில் வாந்தி, பேதி. பிறகு சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் கெடும். அதே கோல்ச்சிசின் சிறு அளவில் கீல்வாதத்துக்கு மருந்து! அதனால்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்.

ஜப்பானில் சிவப்புச் சிலந்தி அல்லிக்கும் கிழங்கில் நஞ்சுதான். எலி அண்டாதிருக்கக் கல்லறை ஓரங்களில் நட்டார்கள். அது இறந்தவர்களின் பூவாயிற்று. ஈழத்தில் செங்காந்தளுக்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். 2003-ல் விடுதலைப் புலிகள் அதைத் தேசியப் பூவாக அறிவித்தனர். போர் 2009-ல் முடிந்தது. இன்றும் நவம்பர் 27 அன்று, மாண்ட பிள்ளைகளை நினைத்துத் தாய்மார்கள் விளக்கேற்றுகிறார்கள். அந்த மாதத்தில்தான் வேலிகளில் இது பூத்திருக்கும்.